ஆத்துல தண்ணி ரொம்பக் கம்மி, ரேஸுக்கு மூணு வாரம்தான் இருக்கு – எப்படிப் பாதுகாப்பா தயாராகறது?

வெள்ளைநுரை:

மக்களே வணக்கம். வைல்ட்வாட்டர் ரேஸ் (வேகமா ஓடற ஆத்துல கயாக் ஓட்டற நேரப் போட்டி) ஒண்ணுக்குப் பேர் குடுத்திருக்கேன், இன்னும் மூணு வாரம் இருக்கு. கிளாசிக் தூரம், ஒரு 5 கிமீ வரும், வழக்கமா கிரேடு 2, நடுவுல ரெண்டு இடம் கிரேடு 3 (எண் கூடக் கூட ஆறு ஓட்டறது கஷ்டம்). மழை இல்லாம ஆறு நல்லா இறங்கிப்போச்சு, முன்னாடி அலையும் நுரையுமா இருந்த இடமெல்லாம் இப்போ கல்லு துருத்திட்டு நிக்குது, சில இடத்துல போட்டோட அடி உரசாம போகவே முடியல. நடத்துறவங்க இன்னும் எதுவும் சொல்லல.

தெரிஞ்சவங்கள்ல பாதிப் பேர் தண்ணி கம்மின்னா ஆபத்தும் கம்மிதானே, தைரியமா போய் ஓட்டுங்கறாங்க. மீதிப் பேர் ஆத்துப் பக்கமே போகாதேங்கறாங்க. எது சரி? இந்த மூணு வாரம் எப்படி ட்ரெய்ன் பண்றது? என்கிட்ட ஒரு கார்பன் ரேஸ் போட் இருக்கு, பழைய பிளாஸ்டிக் கயாக் ஒண்ணும் இருக்கு. கூட 17 வயசுத் தம்பி ஒருத்தன் வர்றான், அவனுக்கு இதுதான் முதல் ரேஸ், அவன் வீட்டுல என்னை நம்பித்தான் அனுப்புறாங்க, அதனால கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

துடுப்புக்காரன்:

ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க. தண்ணி கம்மியா இருந்தா ஓட்டத்தோட வேகம் குறையும், பெரிய ஹோல் (தண்ணி பாறை தாண்டி விழுந்து திரும்பிச் சுழல்ற இடம்) எல்லாம் காணாமப் போயிடும், கவுந்தாலும் பத்தடில கரை. கார்பன் போட்டை வீட்டுலயே வெச்சுட்டு பிளாஸ்டிக்ல இறங்குங்க, முழு தூரமும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்க. எந்தக் கல்லுக்கு இடப்பக்கம் போகணும் எந்தக் கல்லுக்கு வலப்பக்கம் போகணும்னு உடம்புக்குப் பழகணும், அது ஆத்துல இருந்தாத்தான் வரும். கரைல உக்காந்து யோசிச்சா ரேஸ் ஜெயிக்க முடியாது.

ஆத்துப்பாறை:

துடுப்புக்காரன் தம்பி சொல்றதுல பாதியை ஒத்துக்கறேன். பெரிய ஹோல் போயிடும், உண்மைதான். ஆனா "கவுந்தாலும் பத்தடில கரை"ங்கறதை மட்டும் யாரும் அப்படியே எடுத்துக்காதீங்க, தண்ணி கம்மியா இருக்கற ஆத்துல நடக்கற மோசமான விபத்து அந்த பத்தடிக்குள்ளதான் நடக்குது.

எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. போட் கவுந்துடுச்சு, ரோல் (உள்ள உக்காந்தபடியே போட்டை நிமித்தறது) வரல, ஸ்கர்ட்டை (போட்டோட வாயை மூடற துணி) இழுத்துட்டு வெளிய வந்துட்டீங்க. தண்ணி தொடை ஆழம்தான். கால் தரைல தட்டுது. உடனே மனசு என்ன சொல்லும், எந்திரிச்சு நில்லுன்னு சொல்லும். நிக்கறீங்க. ஓட்டம் முதுகுல தள்ளுது, ஒரு அடி எடுத்து வைக்கறீங்க, அந்தக் கால் ரெண்டு கல்லுக்கு நடுவுல இறங்கிடுது, தள்ளற தள்ளுல இன்னும் ஆழமா செருகிக்குது. இப்போ கால் அங்க, உடம்பு கீழ்ப்பக்கம் (ஓட்டம் போற பக்கம்) போகுது, முழங்கால் மடங்கி முகம் தண்ணிக்குள்ள போயிடும். பின்னாடி வர்ற தண்ணி முதுகு மேலயே விழுந்துட்டு இருக்கும், எந்திரிக்க விடாது. தொடை ஆழத் தண்ணில நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆள் லைஃப் ஜாக்கெட்டோட மூழ்கறது இப்படித்தான். ஓட்டத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளற விசை நாலு மடங்காகும், அதனால "கொஞ்சம் வேகம்தானே"ன்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க.

ஆறு நிறைஞ்சு ஓடும்போது கால் தரைக்கே எட்டாது, அதனால இந்தப் பிரச்சனை குறைவு. இறங்கின ஆத்துல ஒவ்வொரு அடியும் எட்டும். அதான் வித்தியாசம்.

செய்ய வேண்டியது இது. வெளிய வந்ததும் மல்லாந்து படுங்க, கால் ரெண்டும் கீழ்ப்பக்கம் பாத்து இருக்கணும், உங்க ஷூ நுனி உங்களுக்கே தண்ணிக்கு மேல தெரியணும், முட்டி லேசா மடங்கி இருக்கணும், இடுப்பைத் தூக்கி வெச்சுக்கணும். கைய வெச்சு ஓட்டத்துக்குச் சாய்வா நீந்தி கல்லுக்குப் பின்னாடி ஓட்டம் அடங்கி இருக்கற எடிக்குள்ள போங்க. அங்க போயும் உடனே நிக்காதீங்க, கை தரைல ஊணற ஆழம் வர்ற வரைக்கும் படுத்தே போய் தவழ்ந்து ஏறுங்க. ஓடற தண்ணி முழங்காலுக்குக் கீழ இருந்தா மட்டும்தான் நிக்கலாம். அந்தப் பையனுக்கு நீங்க சொல்லிக்குடுக்க வேண்டிய முதல் பாடம் இதுதான், லைன் (எந்த வழியா ஓட்டறதுங்கறது) எல்லாம் அப்புறம்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் இது தலைகீழ். முன்னாடி மரம் விழுந்து கிடக்கு, தண்ணி கிளைக்குள்ள புகுந்து போகுது, ஒதுங்க வழியே இல்லைன்னா, குப்புறத் திரும்பி தலை முன்னால இருக்கற மாதிரி வேகமா நீந்தி மரத்து மேல ஏறிடணும். கால் முதல்ல போச்சுன்னா உடம்பு அடில இழுத்துக்கும்.

நீச்சல்மீன்:

அண்ணா ஒரு சந்தேகம், தண்ணி அவ்வளவு கம்மியா இருக்கும்போது மல்லாந்து போனா வால் எலும்பு ஒவ்வொரு கல்லுலயும் இடிக்குமே? நான் புதுசு, தப்பா கேட்டா மன்னிச்சுக்கோங்க.

கரைக்காவல்:

தப்பே இல்லம்மா, எல்லாரும் கேக்கணும் இதை. இடிக்கும். நல்லாவே இடிக்கும், அதுக்குத்தான் இடுப்பைத் தூக்கச் சொன்னாங்க, உள்ள போடற ஷார்ட்ஸ்ல நுரை வெச்சுத் தெச்சது கிடைக்கும், அதுவும் போட்டுக்கோ. ஆனா இடிச்ச இடம் ஒரு வாரத்துல ஆறும், கால் மாட்டிக்கிட்டா சில நிமிஷம்தான் இருக்கு.

நான் ரேஸ்ல கரைப் பாதுகாப்புக்கு நிக்கறவ, அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். கால் மாட்டின ஆளுக்கு நீங்க த்ரோ பேக் (கயிறு வெச்ச, எறியற பை) எறிஞ்சு கரைக்கு இழுத்தா காலே முறியும், ஆள் வரமாட்டார். முதல் வேலை தலையைத் தண்ணிக்கு மேல நிறுத்தறது. ரெண்டு கரைலயும் ஆள் வேணும், ஒரே கயிறை ஆத்துக்குக் குறுக்க எடுத்து, மாட்டினவரோட நெஞ்சுக்கு முன்னாடி கொண்டுபோய் ரெண்டு பக்கமும் மேல்பக்கமா (ஓட்டம் வர்ற பக்கமா) இழுத்துப் பிடிச்சா, அவர் அது மேல கையப் போட்டுச் சாஞ்சு மூச்சு விடலாம். அதுக்கப்புறம் ரெண்டாவது கயிறை அடில விட்டு கணுக்கால் வரைக்கும் இறக்கி, கால் எந்தப் பக்கத்துல இருந்து உள்ள போச்சோ அதே பக்கமா, அதாவது மேல்பக்கமா இழுத்து எடுக்கணும். படிக்கும்போது சுலபமா தெரியும், சத்தம் போடற தண்ணிக்குப் பக்கத்துல நின்னு செய்யும்போது யார் எந்தக் கயிறைப் பிடிக்கறதுன்னே குழம்பிப் போகும். அதனால காஞ்ச தரைல ஒருத்தரைப் படுக்க வெச்சு செஞ்சு பாருங்க, அப்புறம் ஓட்டம் இல்லாத தண்ணில செஞ்சு பாருங்க.

இன்னொண்ணு, தண்ணி கம்மியான ஆத்துல கயிறு கல்லுல சிக்கும். மிதக்கற கயிறா இருந்தாலும் நடுவுல நிக்கற பாறை ஒவ்வொண்ணும் அதைப் பிடிச்சுக்கும். 20 மீட்டர் பேக் இருக்குன்னு தூரத்துல நிக்காதீங்க, ஆபத்தான இடத்துக்குக் கிட்டத்துலயே நிக்கணும், ஒரே இடத்துக்கு ரெண்டு பேர் ரெண்டு பேக்கோட. கயிறு வெச்சிருக்கற எல்லார்கிட்டயும் கத்தி இருக்கணும். பாதுகாப்புக்கு நிக்கறவங்களே உதவப் போறேன்னு ஆத்துக்குள்ள நடந்து இறங்கி மாட்டிக்கறதும் நடக்குது, அந்த முழங்கால் கணக்கு நமக்கும் பொருந்தும்.

விசில், கை சைகை எல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. ஒரு தடவை ஊதினா இங்க பாரு, மூணு தடவைன்னா ஆபத்து. துடுப்பு செங்குத்தா நின்னா வரலாம், படுக்கையா தூக்கிப் பிடிச்சா நில்லு. கையக் காட்டறது எப்பவும் போக வேண்டிய பக்கத்தை நோக்கித்தான், பாறையைக் காட்டவே கூடாது, பாக்கறவன் அங்கதான் போகச் சொல்றாங்கன்னு நினைச்சுப் போயிடுவான்.

துடுப்புக்காரன்:

சரி அக்கா, கால் விஷயம் ஒத்துக்கறேன், நான் ஓட்டறவன் பார்வைல சொன்னேன், நீந்தறவன் பார்வைல இல்ல. ஆனா ஓட்டறவனுக்கும் சொல்ல வேண்டியது இருக்கு, ஏன்னா சரியா ஓட்டினா நீந்தவே வேண்டியதில்லை.

ஆழம் கம்மியான தண்ணில போட் திடீர்னு கனமாயிடும், எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஏன்னு நிறைய பேர் யோசிக்கறதில்லை. போட் போகும்போது அலை உண்டாக்கும், அந்த அலை போகக்கூடிய வேகத்துக்கு ஆழத்தைப் பொறுத்து ஒரு எல்லை இருக்கு. அரை மீட்டர் ஆழத்துல அது மணிக்கு ஏறக்குறைய 8 கிமீ, ஒரு மீட்டர் ஆழத்துல 11 கிமீ சொச்சம். ஃப்ரூடுன்னு 19ஆம் நூற்றாண்டுல ஒரு கப்பல் இன்ஜினியர், அவர் பேர்லதான் இந்தக் கணக்கு இருக்கு. தண்ணியோட ஒப்பிட்டு உங்க வேகம் அந்த எல்லையைத் தொடும்போது இழுவை எகிறும், பின்பக்கம் கீழ இறங்கும், மூக்கு மேல தூக்கும், எவ்வளவு போட்டாலும் போட் நகராத மாதிரி இருக்கும். நல்ல பலம் இருக்கறவன் நாலு வலுவான போடு போட்டு அந்த எல்லையைத் தாண்டினா போட் தன்னோட அலை மேலயே ஏறி இழுவை குறையும், ஆனா அதை ரொம்ப நேரம் பிடிச்சு வெக்க முடியாது. பலம் கம்மியா இருக்கறவன் எல்லைலயே நின்னு முட்டிக்கிட்டு மூச்சை விட்டுட்டு, அடுத்த கிரேடு 3க்கு கை தளர்ந்து போய்ச் சேருவான். அங்கதான் கவுப்பான். அதனால ஆழம் கம்மியான நீளமான பகுதில வேகத்தைக் கொஞ்சம் இறக்கி சீரா போங்க, ஆழம் வந்ததும் ஏத்துங்க. இது வேகத்துக்கும் நல்லது பாதுகாப்புக்கும் நல்லது.

ஆழம் எங்க இருக்கும்? வளைவுல வெளிப்பக்கம். மேல இருந்து பாத்தா வி வடிவத்துல தண்ணி விரிஞ்சு கூர்முனை கீழ்ப்பக்கம் இருந்தா அது வழி, கூர்முனை மேல்பக்கம் உங்களைப் பாத்து இருந்தா அதுக்கடில கல்லு. ஆனா வெளிப்பக்கம்தான் விழுந்த மரமும் குடைஞ்ச பாறையும் சேரும், அதையும் மனசுல வெச்சுக்கங்க. துடுப்பைச் செங்குத்தா ஆழமா குத்தாதீங்க, கொஞ்சம் படுக்கையா, அலகு பாதி முங்கினா போதும். கல்லிடுக்குல அலகு மாட்டினா விட்டுடுங்க, பிடிச்சு இழுத்தா தோள்பட்டை போயிடும்.

போட் குறுக்கத் திரும்பி பாறைல மோதப் போகுதுன்னா பாறையை விட்டு விலகிச் சாயணும்னுதான் தோணும், அப்படிச் சாஞ்சா மேல்பக்கத் தண்ணி டெக் (போட்டோட மேல்மூடி) மேல ஏறி அந்த நிமிஷமே கவுத்துடும். பாறையைக் கட்டிப் பிடிக்கற மாதிரி அது மேலயே சாயுங்க, அப்படியே முன்னயோ பின்னயோ நகத்தி வெளிய வாங்க. சும்மா தண்ணில ஒரு மிதவையை வெச்சு இதைப் பழகலாம்.

வெள்ளைநுரை:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. போட்டுல என்னென்ன பாக்கணும்? ரேஸ் அன்னைக்கு கார்பன்ல போறதா பிளாஸ்டிக்ல போறதா?

ஆத்துப்பாறை:

ரேஸ் போட்னா கே1 (ஒருத்தர் ஓட்டற கயாக்) அதிகபட்சம் 4.5 மீட்டர் நீளம், குறைஞ்சபட்சம் 60 செமீ அகலம், உங்களுக்கே தெரியும். அந்த நீளம் நிறைஞ்ச ஆத்துல வேகம் குடுக்கும், இறங்கின ஆத்துல அதே நீளம்தான் ரெண்டு பாறைக்கு நடுவுல குறுக்க மாட்டும். என் கருத்து, பயிற்சி முழுக்க பிளாஸ்டிக்ல, ரேஸ் அன்னைக்கு முடிவை அன்னைக்கு மட்டத்தைப் பாத்து எடுங்க. கார்பன் கல்லுல மோதினா வளையாது, விரிசல் விடும், விரிசல் விட்டா தண்ணி ஏறும், 200 லிட்டர் ஏறினா 200 கிலோ. அந்தக் கனத்தோட அது உங்களையும் பாறையையும் சேத்து அழுத்தும். அதனால எந்த போட்டா இருந்தாலும் முன்னயும் பின்னயும் காத்துப் பை முழுசா ஊதி இருக்கணும், அரைகுறையா ஊதினது பிரயோஜனம் இல்ல.

அதைவிட முக்கியம் கால் வெக்கற இடம். மூக்கு கல்லுல நேரா முட்டினா போட் நின்னுடும், நீங்க நிக்கமாட்டீங்க. பக்கவாட்டுல ரெண்டு சின்னக் கட்டை மட்டும் இருக்கற போட்ல கால் அதைத் தாண்டி முன்னால வழுக்கிப் போய் மாட்டிக்கும், கணுக்கால் முறியும், வெளிய வரவும் முடியாது. முழு அகலத்துக்கும் பலகை இருக்கணும், அது மேல ஒரு விரக்கடை தடிப்புக்கு கெட்டி நுரை ஒட்டியிருக்கணும். போட்டைத் தூக்கி உள்ள கைய விட்டு அந்தப் பலகையை நல்லா ஆட்டிப் பாருங்க, போல்ட் லூசா இருந்தா அன்னைக்கே முறுக்குங்க. ரெண்டு நுனிலயும் பிடி கயிறு உறுதியா இருக்கணும், ஸ்கர்ட்டோட இழுக்கற வளையம் வெளிய இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கையால தொட்டுப் பாக்கணும்.

ஹெல்மெட் ஈஎன் 1385 தரத்துல இருக்கணும், தலையை ஆட்டினா ஆடக்கூடாது, நெத்தி மூடியிருக்கணும். தண்ணி கம்மின்னா தாடை மூடற ஹெல்மெட் நல்லது. லைஃப் ஜாக்கெட் ஐஎஸ்ஓ 12402-5, அதாவது 50 நியூட்டன் மிதவை, பழசா இருந்தா எடை கட்டித் தண்ணில போட்டு மிதக்குதான்னு பாருங்க. ஷூ கெட்டியான அடி உள்ளதா, காலோட இறுகினதா வேணும், நீளமான லேஸ் தொங்கக்கூடாது. முழங்கைக்குப் பட்டை.

ரோல் பத்தி. பின்னால சாஞ்சு எந்திரிக்கற ரோல் பழகியிருந்தா அதை இப்போ மறந்துடுங்க, முகம் நேரா கல்லைப் பாக்கும். கவுந்த உடனே முன்னால குனிஞ்சு நெத்தி டெக்கைத் தொடற மாதிரி சுருண்டுக்கணும், ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் அடியை வாங்கட்டும், அதே குனிஞ்ச நிலைல இருந்து எந்திரிங்க. பல இடத்துல துடுப்பு போட்டுச் சுத்தக்கூட இடம் இருக்காது, கையோ துடுப்போ தரைல ஊணித் தள்ளினாலே நிமிந்துடலாம்.

நீச்சல்மீன்:

செயற்கை ஓட்டம் இருக்கற இடத்துல போய் ட்ரெய்ன் பண்ணா சரியா வருமா? அங்க தண்ணி எப்பவும் ஒரே அளவுதானே.

துடுப்புக்காரன்:

கை பலத்துக்கும் எடிக்குள்ள திரும்பறதுக்கும் நல்லா உதவும். 1972 ஒலிம்பிக்ஸுக்கு ஆக்ஸ்பர்க்ல கட்டின ஐஸ்கனால்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஸ்லாலம்காரங்க (தொங்கற கம்பங்களுக்கு நடுவுல புகுந்து ஓட்டறவங்க) அப்படித்தான் வளர்றாங்க. ஆனா ஒரே அளவுத் தண்ணிங்கறதே அதோட குறையும்கூட, இறங்கின ஆத்தைப் படிக்கற கண் அங்க வராது. அதுக்குப் பதிலா வாரத்துல பாதி நாள் அமைதியான ஆழத் தண்ணில இடைவெளிப் பயிற்சி (கொஞ்ச நேரம் வேகமா, கொஞ்ச நேரம் மெதுவா) எடுங்க, மீதி நாள் ஆத்துல ஆழம் இருக்கற ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுங்க. முழு தூரமும் ஓட்டுன்னு நான் முதல்ல எழுதினது இந்த மட்டத்துக்கு வேணாம்.

மடைத்திறப்பு:

ஒரு முக்கியமான விஷயம் யாருமே சொல்லல. மேல அணை இருக்கா? இருந்தா "தண்ணி கம்மி"ங்கறது இந்த நேரத்துக்கு மட்டும்தான் உண்மை. திறந்து விட்டா கணுக்கால் ஆழம் இருந்த இடம் கொஞ்ச நேரத்துல இடுப்புக்கு வரும், அங்க மழையே பெய்யாது, மேகமே இருக்காது, அதனால யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. ஆத்துக்கு நடுவுல பாறை மேல உக்காந்து சாப்பிடறது, அங்கயே பைய வெக்கறது, குறுக்க நடந்து போய் போட்டோ எடுக்கறது எல்லாம் வேணாம். திறப்பு நேரம் கேட்டுக்கோங்க, அந்தத் தண்ணி அணைல இருந்து உங்க இடத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்னும் கேட்டுக்கோங்க. தண்ணி திடீர்னு கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பிச்சா உடனே கரை ஏறுங்க. அணையோட அடில இருந்து வர்ற தண்ணி வெயில் காலத்துலயும் சில்லுன்னு இருக்கும், அதுக்கேத்த மாதிரி உடுத்திக்கணும்.

கரைல தண்ணி மட்டம் காட்டற அளவுகோல் விஷயமும் இருக்கு. போன வருஷம் இந்தக் கோட்டுல ஓட்டினோம்னு நம்பாதீங்க. நடுவுல ஒரு வெள்ளம் வந்திருந்தா படுகையே மாறியிருக்கும், அதே கோட்டுக்கு இப்போ வேற அளவு தண்ணி. மட்டம் தாழ இருக்கும்போது பத்து செமீ இறங்கறதும் பெரிய வித்தியாசம், நிறைஞ்ச ஆத்துல அது தெரியவே தெரியாது. நீங்க ஓட்டற ஒவ்வொரு முக்கியமான இடத்துலயும் கரையோரமா ஒரு கல்லை அடையாளம் வெச்சுக்கிட்டு, அது எவ்வளவு வெளிய தெரியுதுன்னு தேதியோட எழுதி வைங்க. ரேஸ் அன்னைக்குக் காலைல அந்தக் கல்லைப் பாத்தாலே நிலவரம் புரிஞ்சுடும்.

மருந்துப்பெட்டி:

கல்லைப் பத்தி எல்லாரும் எழுதிட்டீங்க, தண்ணியைப் பத்தி நான் எழுதறேன். ஆறு இறங்கினா அழுக்கு கரைய இடம் இல்லாம செறிவு கூடும், முதல் மழை பெய்யற அன்னைக்கு கரைல சேந்ததெல்லாம் மொத்தமா உள்ள வரும். எலி மூத்திரத்துல இருந்து வர்ற லெப்டோஸ்பைரோசிஸ் கீறல் வழியாவும் கண், மூக்கு, வாய் வழியாவும் உள்ள போகும், இறங்கின ஆத்துல கீறல் இல்லாம யார் வெளிய வர்றீங்க? பழைய புண்ணைத் தண்ணி போகாத பட்டை போட்டு மூடிட்டு இறங்குங்க, வெளிய வந்ததும் நல்ல தண்ணில கழுவுங்க. ஆத்துல இறங்கி பெரும்பாலும் ஒண்ணுல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள, சிலருக்கு ஒரு மாசம் வரைக்கும் தள்ளிக்கூட, காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் சதை வலி, கண் சிவப்பு வந்தா சாதாரணக் காய்ச்சல்னு மாத்திரை போட்டுப் படுக்காம டாக்டர்கிட்ட போய் "ஆத்துத் தண்ணில இருந்தேன்"னு வாய் விட்டுச் சொல்லணும். ஆரம்பத்துலயே பிடிச்சா ஆன்டிபயாடிக்ல சரியாகும்.

ஓட்டம் நின்ன இடத்துல பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி படலம் இருந்தா அங்க ரோல் பழகாதீங்க, அந்த நீலப்பச்சைப் பாசில சில வகை விஷம். அப்புறம் வெயில். தண்ணி கம்மியான காலம்தான் வெயில் காலமும், தண்ணில இருக்கறதால வேர்க்கறது தெரியாது, குடிக்க மறந்துடுவீங்க.

துடுப்புக்காரன்:

எல்லாம் சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன், இதையெல்லாம் படிச்சுட்டு நடத்துறவங்க ரேஸை ரத்து பண்ணினா என்ன ஆகும்? வருஷம் முழுக்க ட்ரெய்ன் பண்ணவங்க, தூரத்துல இருந்து வர்றவங்க எல்லாரும் திரும்பிப் போகணுமா? தண்ணி கொஞ்சம் குறைஞ்சாலே நிறுத்தறதுன்னா இந்த விளையாட்டே இருக்காது, நான் இதை மனசுல இருந்து சொல்றேன்.

கரைக்காவல்:

உன் ஆதங்கம் புரியுது தம்பி. நடத்தறதா நிறுத்தறதான்னு ரெண்டே வழிதான்னு ஏன் நினைக்கற? நடுவுல நிறைய இருக்கு. மோசமான மேட்டுப் பகுதியை விட்டுட்டு ஆழம் இருக்கற இடத்துல ஸ்பிரிண்ட் வெக்கலாம், சர்வதேச விதிலயே ஸ்பிரிண்ட் தூரம் சில நூறு மீட்டர்தான். நடுவுல ஒரு இடம் மட்டும் பிரச்சனைன்னா அங்க கடிகாரத்தை நிறுத்திட்டு எல்லாரும் போட்டைத் தூக்கிட்டு நடக்கட்டும். ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல விடற இடைவெளியைக் கூட்டணும், இது கட்டாயம். இறங்கின ஆத்துல பல இடத்துல ஒரே வழிதான், முன்னாடி போனவர் அதுல குறுக்க மாட்டிக்கிட்டா பின்னாடி வர்றவர் நேரா அவர் மேலதான் வருவார்.

நான் கேக்கறது ஒண்ணுதான், எந்த மட்டத்துக்குக் கீழ போனா எந்த மாற்றம்னு முன்கூட்டியே எழுதி எல்லாருக்கும் அனுப்பிடணும். ரேஸ் அன்னைக்குக் காலைல இருநூறு பேர் நம்பர் கட்டிட்டு நிக்கும்போது அந்த முடிவை எடுக்க யாராலயும் முடியாது, எல்லாரோட முகத்தையும் பாத்தா மனசு இளகிடும். ஓட்டறவங்களும் அப்படித்தான், உங்க எல்லையை நீங்க வீட்டுலயே எழுதி வைங்க. முன்னாடி ஒருத்தர் ஆபத்துல இருந்தா நின்னு உதவணும்ங்கறது வைல்ட்வாட்டர் விதி, விட்டுட்டுப் போனா தகுதி நீக்கம், அதையும் பையனுக்குச் சொல்லிடுங்க, நேரம் போச்சேன்னு தயங்கக் கூடாது.

துடுப்புக்காரன்:

முன்கூட்டியே எழுதிக் குடுக்கறது நியாயம்தான். அப்படி குடுத்தா நான் முதல் ஆளா கையெழுத்து போடறேன். ஸ்பிரிண்ட்க்குத் தனியா ட்ரெய்ன் பண்ணணும்ல, அதுக்காவது சீக்கிரம் சொல்லணும்.

வெள்ளைநுரை:

நேத்து தம்பியைக் கூட்டிட்டு முழு தூரமும் கரையோரமா நடந்துட்டு வந்தோம். போட்டே எடுத்துட்டுப் போகல. முதல் கிரேடு 3ல நிறைஞ்ச காலத்துல நாங்க எல்லாரும் போற வலப்பக்க வழி இருக்குல்ல, அதுக்கு நேர் கீழ பாறை அடில குடைஞ்சு போயிருக்கு, ஒரு ஆள் உள்ள போற அளவுக்கு. தண்ணி இருக்கும்போது அது மேல ஒரு மெத்தை மாதிரி நுரை நிக்கும், அடில இது இருக்குன்னு இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாது. போட்டோ எடுத்து கிளப்ல எல்லாருக்கும் அனுப்பியாச்சு, இனிமே தண்ணி ஏறினாலும் அந்தப் பக்கம் போகமாட்டோம். ரெண்டாவது கிரேடு 3 இப்போ ரெண்டு மூணு கல்லு இடுக்கு வழியாதான் வழியுது, தண்ணி போகும், போட்டும் ஆளும் போக முடியாது, அதைத் தூக்கிட்டு நடக்கறதுன்னு முடிவு. தம்பிதான் முதல்ல சொன்னான், அண்ணா இங்க நான் ஓட்டலைன்னு, எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

மூணாவது வளைவுல வெளிப்பக்கம் ஒரு மரம் விழுந்து பாதி தண்ணில கிடக்கு, அடிமரம் என் இடுப்பு தடிமன். நாங்க ஒரு நாலஞ்சு பேர் போய் ரம்பத்துல அறுத்து எடுத்துடலாமா?

ஆத்துப்பாறை:

எடுக்காதீங்க தம்பி, நீங்களா இறங்கி எடுக்காதீங்க. தண்ணி அழுத்திட்டு இருக்கற மரத்துல எந்தப் பக்கம் இழுவிசை இருக்குன்னு தெரியாம அறுத்தா அது எகிறி அடிக்கும், இல்ல அறுத்த துண்டு கீழ போய் இன்னும் குறுகலான இடத்துல குறுக்க நிக்கும். போட்டோவும் இடமும் நடத்துறவங்களுக்கு இன்னைக்கே அனுப்புங்க, கயிறும் வின்ச்சும் பழகினவங்க மேல்பக்கமா நின்னு எடுக்கட்டும். எடுக்க முடியலைன்னா அந்த வளைவுல உள்பக்கமா ஓட்டற மாதிரி கேட் (வழி காட்டற கம்பங்கள்) வெச்சு, கீழ்ப்பக்கம் ரெண்டு பேரை நிறுத்தச் சொல்லுங்க. உள்பக்கம் ஆழம் இருக்கான்னு பாத்தீங்களா?

வெள்ளைநுரை:

பாத்தேன் அண்ணா, துடுப்பை விட்டு அளந்தோம், அலகு முழுசா முங்குது, சரளைதான், பெரிய கல்லு இல்ல. இன்னைக்கே அனுப்பிடறேன். கரைக்காவல் அக்கா, அந்தக் குறுக்குக் கயிறு பழகறதுக்கு எங்க கிளப்ல எட்டு பேர் தயாரா இருக்காங்க, என்னென்ன எடுத்துட்டு வரணும்?

கரைக்காவல்:

எட்டு பேர்னா ரெண்டு குழுவா பிரியலாம், அருமை. ஆளுக்கு ஒரு த்ரோ பேக், ஹெல்மெட், ஜாக்கெட், விசில். செருப்போட யாரும் வரவேணாம், இறுகக் கட்டற ஷூதான். கையுறை இருந்தா கொண்டு வாங்க, ஈரக் கயிறு உள்ளங்கையை அறுக்கும். முதல்ல புல்தரைல செய்வோம், ஆத்தோட அகலத்துக்குச் சரியா ரெண்டு கோடு போட்டு அதுக்கு நடுவுல தம்பியைப் படுக்க வெச்சு. ஒரு குழு கயிறு எடுக்கும்போது இன்னொரு குழு கடிகாரம் பிடிக்கட்டும். உன்னோட கிளப்ல இடது கைப் பழக்கம் இருக்கறவங்க யாராவது இருந்தா சொல்லு, அவங்களை எந்தக் கரைல நிறுத்தறதுன்னு நான் யோசிச்சு வெச்சுக்கறேன்.